மிக்சி போட்டால் பிரேக்கர் ட்ரிப் ஆகிறதா? அமெரிக்க வீடுகளில் ஏஎஃப்சிஐ தொல்லையை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சிய கையோடு பல தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்வி: "சட்னி அரைக்க ஆரம்பித்தாலே கிச்சனில் பாதி கரன்ட் போய்விடுகிறது. பில்டரைக் கேட்டால் உங்கள் மிக்சிதான் காரணம் என்கிறார். பேசாமல் சாதா பிரேக்கர் போட்டுவிடலாமா?"

போட வேண்டாம். மிக்சி காரணமாக இருக்கலாம், சுவருக்குள் ஆணி குத்திய கேபிளும் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஏஎஃப்சிஐ (வயரில் தீப்பொறி விட்டால் கரன்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) ஒரே மாதிரிதான் ட்ரிப் ஆகும். எப்போது ட்ரிப் ஆகிறது, அந்த நொடியில் எது ஓடிக்கொண்டிருந்தது, ரீசெட் செய்தால் ஆனிலேயே நிற்கிறதா என்ற மூன்றையும் கவனித்தால் பெரும்பாலான வீடுகளில் காரணம் பிடிபட்டுவிடும். வீண் ட்ரிப் என்று சொல்வதற்கு முன் அந்த மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். தூங்குகிற அறையின் வயரிங்கைக் காவல் காக்கிற கருவி இது.

இந்த பிரேக்கர் எதைப் பார்க்கிறது

சாதா பிரேக்கர் கரன்ட் அதிகமானால்தான் ட்ரிப் ஆகும். 15 ஆம்ப் சர்க்யூட்டில் ஒரு வயர் தளர்ந்து 5 ஆம்ப் ஓட்டத்தில் தீப்பொறி விட்டுக்கொண்டிருந்தால் அதற்கு எதுவுமே தெரியாது. 5 என்பது 15-க்குள் அடங்கிய கணக்கு. ஏஎஃப்சிஐ பிரேக்கர் கரன்டின் அளவோடு அதன் அலை வடிவத்தையும் கவனிக்கிறது. தீப்பொறி விடும்போது அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஓட்டம் சிறிது நேரம் செத்துப்போய் மறுபடி எழும். கூடவே உயர் அதிர்வெண் இரைச்சலும் வரும். அந்த இரைச்சல் ஒழுங்கில்லாமல் வருகிறதா என்பதை உள்ளே இருக்கும் சின்ன சிப் கணக்குப் போடுகிறது.

என்இசி என்ற தேசிய மின் விதித்தொகுப்பின் 1999 பதிப்பில் இது முதலில் நுழைந்தது. படுக்கையறை அவுட்லெட்டுகளுக்கு மட்டும், அதுவும் 2002 ஜனவரியிலிருந்து. 2008 பதிப்பு ஹால், சாப்பாட்டு அறை, நடைபாதை என்று பரப்பியது. 2014 பதிப்பில் கிச்சனும் லாண்டரியும் வந்து சேர்ந்தன. மிக்சிக்கும் ஏஎஃப்சிஐக்கும் சண்டை தொடங்கியது அங்கேதான். எந்தப் பதிப்பை எப்போது ஏற்பது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. அதனால் பக்கத்து மாநிலத்து நண்பர் வீட்டில் இல்லாத பிரேக்கர் உங்கள் வீட்டில் இருக்கலாம்.

உங்கள் வீட்டில் உள்ளது எந்த வகை என்று பேனலின் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) வெளிக்கதவை மட்டும் திறந்து பிரேக்கரின் மேல் உள்ள எழுத்தைப் படித்துக்கொள்ளுங்கள். "காம்பினேஷன்" என்று இருந்தால், ஒரே வயரின் தளர்வில் வரும் தீப்பொறி, இரண்டு வயருக்கு நடுவே வரும் தீப்பொறி இரண்டையும் பிடிக்கும் என்று பொருள். ஜிஎஃப்சிஐயும் (தரைக்குக் கசியும் கரன்டைப் பிடிக்கும் காவல்) சேர்ந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது "டூயல் ஃபங்ஷன்" என்று தனியாக எழுதியிருக்கும். டூயல் ஃபங்ஷன் என்றால் 5 மில்லிஆம்ப் அளவுக்குக் கரன்ட் தரைக்குக் கசிந்தாலும் ட்ரிப் ஆகும். சந்தேகப் பட்டியல் அங்கே இரண்டு மடங்காகிறது.

கை வைப்பதற்கு முன்

ட்ரிப் ஆன பிரேக்கரின் கைப்பிடி பெரும்பாலும் நடுவில் நிற்கும். முழுக்க ஆஃப் பக்கம் அழுத்தி, பிறகு ஆன் செய்ய வேண்டும். பாதியிலிருந்து தூக்கினால் நிற்காது. "பிரேக்கர் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு.

எரிந்த வாடை, சூடான அவுட்லெட், பழுப்பேறிய பிளேட், சுவருக்குள் சரசரவென்று சத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ரீசெட் செய்யாதீர்கள். அந்த சர்க்யூட்டை ஆஃபிலேயே விட்டு எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள்.

பேனலின் உள் மூடியைக் கழற்றும் வேலை வீட்டுக்காரருக்கு வேண்டாம். மெயின் பிரேக்கரை ஆஃப் செய்தாலும் வெளியிலிருந்து வரும் பெரிய வயர்கள் இணைகிற இடத்தில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சில பிரேக்கர்கள் கடைசியாக ஏன் ட்ரிப் ஆனோம் என்பதை நினைவில் வைத்திருக்கும். ரீசெட் செய்ததும் சின்ன விளக்கு சில தடவை சிமிட்டும், அல்லது டெஸ்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சொல்லும். கம்பெனிக்குக் கம்பெனி முறை வேறு. பேனல் கதவின் உட்புற ஸ்டிக்கரையோ பிரேக்கருடன் வந்த தாளையோ முதலில் தேடுங்கள். தீப்பொறியா, தரைக் கசிவா, ஓவர்லோடா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: மிக்சி போட்டால் மட்டும் ட்ரிப் ஆகிறது

மிக்சிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். சுழலும் செம்புப் பட்டைகள் மேல் இரண்டு கார்பன் கட்டிகள் உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடத்தில் எப்போதும் சின்னத் தீப்பொறி உண்டு. வேக்யூம் கிளீனர், டிரில் மிஷின் எல்லாம் இதே ஜாதி. வெட் கிரைண்டர் பெரும்பாலும் பிரஷ் இல்லாத இன்டக்ஷன் மோட்டார். அதனால்தான் ஒரே கவுன்டரில் கிரைண்டர் மணிக்கணக்காக ஓடும், மிக்சி ஓடாது.

மோட்டார் பொறி சுழற்சிக்குத் தகுந்தபடி சீராகத் திரும்பத் திரும்ப வருவது. தளர்ந்த வயரின் பொறி தாறுமாறானது. நல்ல பிரேக்கர் இந்த வித்தியாசத்தைப் பார்த்து மோட்டாரை விட்டுவிட வேண்டும். யூஎல் 1699 என்ற சோதனைத் தரத்திலேயே, சாதாரண சாதனங்களுக்கு ட்ரிப் ஆகக் கூடாது என்று தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனையில் நம் வீட்டு 750 வாட் மிக்சியும், கல்லு மாதிரி உறைந்த தேங்காயை அரைக்கும் சுமையும் இருக்காது.

முதலில் மிக்சியை இருட்டில் ஓட்டிப் பாருங்கள். ஜாரைக் கழற்றிவிட்டு, கீழே காற்றுப் போகும் துளை வழியாகப் பார்த்தால் பிரஷ் இருக்கும் இடம் தெரியும். குண்டூசித் தலை அளவுக்கு நீலப் பொறி மினுக்கினால் சரி. செம்பு வளையத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு வட்டம் ஓடினால் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷ்ஷை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது பொறி விட்டுக்கொண்டே இருக்கும். பிரஷ் மாற்றியதும் ட்ரிப் நின்றுபோன மிக்சிகள் உண்டு. அங்கே பிரேக்கர் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியைத்தான் சொல்லியிருக்கிறது.

பிரஷ் சரியாக இருந்தால் மிக்சியைக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். கராஜ், குளியலறை சர்க்யூட்டுகளுக்கு விதித்தொகுப்பு ஜிஎஃப்சிஐ மட்டும்தான் கேட்கிறது, ஏஎஃப்சிஐ கேட்பதில்லை. கராஜில் மிக்சி நிம்மதியாக ஓடினால் கசிவு இல்லை, சண்டை அலை வடிவத்தோடுதான். கராஜிலும் ஜிஎஃப்சிஐ ட்ரிப் ஆனால் மிக்சிக்குள் கசிவு இருக்கிறது. மூன்று முள் பிளக் உள்ள மிக்சியில் இதற்கு வழக்கமான காரணம் தண்ணீர்: ஜாரை அலம்பி ஈரத்தோடு வைத்து, ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் வழியாகச் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்கியிருக்கும். இரண்டு நாள் காயவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகும் ட்ரிப் ஆனால் அந்த மிக்சியைத் தொடாதீர்கள்.

கராஜில் ஓடுகிறது, கிச்சனில் மட்டும் இல்லை என்றால், படுக்கையறையில் உள்ள வேறு ஏஎஃப்சிஐ சர்க்யூட்டிலும் ஒரு முறை ஓட்டுங்கள். அங்கே ஓடினால் சந்தேகம் மிக்சியை விட்டுக் கிச்சன் வயரிங் பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயும் ட்ரிப் ஆனால்தான் பிரேக்கருக்கும் மிக்சிக்கும் ஒத்துவரவில்லை என்று சொல்லலாம். அப்போது அதே கம்பெனியின் புதிய தலைமுறை பிரேக்கரை எலெக்ட்ரிஷியனை வைத்து மாற்றுவதுதான் வழி. உள்ளே இருக்கும் கணக்கு முறையைத் தலைமுறைக்குத் தலைமுறை திருத்திக்கொண்டே வருகிறார்கள். வேறு கம்பெனி பிரேக்கர் அந்த பேனலுக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்க்காமல் சொருகக் கூடாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சியை ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுபவர்களுக்குத் தனிக் கதை. டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்த கணத்தில் அதன் இரும்புக் கரு நிறைந்து மிகப் பெரிய கரன்டை ஒரு நொடிக்குள் இழுக்கும். அலையின் எந்த இடத்தில் சுவிட்ச் விழுந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். அதனால்தான் இன்று ட்ரிப் ஆகும், நாளை ஆகாது. சாதா பிரேக்கரே இதற்கு ட்ரிப் ஆவதுண்டு. மிக்சி சுவிட்சை ஆஃபில் வைத்து டிரான்ஸ்ஃபார்மரை முதலில் ஆன் செய்யுங்கள். நின்றால் பிறகு மிக்சியை ஓட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும்போதே ட்ரிப் என்றால் மிக்சியைக் குறை சொல்ல முடியாது. இங்கே விற்கும் 110 வோல்ட் மாடலை வாங்குவது நீண்ட நாளைக்கு நல்லது.

அறிகுறி: எதுவும் சொருகாமலே, ஆன் செய்ததும் ட்ரிப் ஆகிறது

அந்த சர்க்யூட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சார்ஜரும் சேர்த்து. சுவர் சுவிட்சுகளையும் ஆஃப் செய்யுங்கள். இப்போது ரீசெட் செய்தால் நிற்கிறதா? நின்றால் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேருங்கள். எதைச் சேர்க்கும்போது ட்ரிப் ஆகிறதோ அதுதான்.

நிற்கவில்லை என்றால் வீட்டு வயரிங், இல்லையேல் பிரேக்கர். இதற்கு மேல் எலெக்ட்ரிஷியன் வேலை. அவர் சர்க்யூட் வயரை பிரேக்கரிலிருந்து கழற்றி வெறும் பிரேக்கரை ஆன் செய்வார். அப்போதும் ட்ரிப் ஆனால் பிரேக்கர் போய்விட்டது. உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் இருப்பதால் இவை சாகவும் செய்யும். நின்றால் சர்க்யூட்டின் நடுவில் உள்ள ஓர் அவுட்லெட்டைத் திறந்து பின்பாதியைப் பிரித்துவிட்டுப் பார்ப்பார். பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் பழுதுள்ள பெட்டி தானாக வந்து சேரும்.

அந்தப் பெட்டியில் அடிக்கடி காணக் கிடைப்பது இது: அவுட்லெட்டை அவசரமாக உள்ளே தள்ளியதில் வெற்றுச் செம்பு கிரவுண்ட் வயர் வளைந்து, நியூட்ரல் பக்கத்து வெள்ளி ஸ்கிரூவைத் தொட்டுக்கொண்டிருக்கும். சாதா பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது. தரைக் கசிவையும் கவனிக்கிற ஏஎஃப்சிஐ விடாது.

புதிதாகக் குடிபோன வீடா, சுவரில் படம் மாட்டினீர்களா என்றும் பாருங்கள். கேபிள்கள் அவுட்லெட், சுவிட்சுகளிலிருந்து மரச்சட்டத்தை ஒட்டிச் செங்குத்தாக மேலே போகும். சட்டத்தின் முகத்திலிருந்து ஒண்ணேகால் அங்குலம் உள்ளே தள்ளிக் கேபிள் போக வேண்டும் என்பது விதி; ஜிப்சம் பலகை அரை அங்குலம். ஆக, சுவிட்சுக்கு நேர் மேலே சாமி படத்துக்காக அடித்த ஆணி ஒண்ணேமுக்கால் அங்குலத்தைத் தாண்டி இறங்கியிருந்தால் அதன் மேல் சந்தேகப்படலாம். ஆணியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். பிரேக்கரை ஆஃபில் விட்டு எலெக்ட்ரிஷியனிடம் ஆணி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

அறிகுறி: பிளக்கை அசைத்தால், கதவைச் சாத்தினால் ட்ரிப், விளக்கு சில சமயம் துடிக்கிறது

இதை வீண் ட்ரிப் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இது எங்கோ தளர்ந்த இணைப்பு. ஏஎஃப்சிஐ எதற்காக வைக்கப்பட்டதோ அதே வேலையைச் செய்கிறது.

முதல் சந்தேகம், அவுட்லெட்டின் முதுகில் உள்ள சொருகு துளைகள். ஸ்கிரூவில் சுற்றாமல் 14 கேஜ் வயரைத் துளையில் குத்திவிட்டால் உள்ளே ஒரு சின்ன வில் தகடு பிடித்துக்கொள்ளும். வேலை வேகமாக முடியும் என்பதால் கட்டுமானத்தில் இது சகஜம். ஆனால் பிளக்கை வருடக்கணக்கில் சொருகிப் பிடுங்க, அந்தத் தகட்டின் பிடி தளர்கிறது. அப்படிப்பட்ட அவுட்லெட்டை வெளியே இழுத்தால் வெள்ளை வயரை விரலால் முறுக்கினாலே சுழலும். துளையின் வாயில் பிளாஸ்டிக் காபி நிறத்துக்கு மாறியிருக்கும். வயரின் உறை நுனி விறைத்துப்போய் நகத்தால் கீறினால் உதிரும். கருகிய நுனியை வெட்டிவிட்டு, ஸ்கிரூவில் சுற்றி இறுக்கிப் புது அவுட்லெட் போட வேண்டும். அதே சர்க்யூட்டில் மற்ற அவுட்லெட்டுகளும் அப்படியே குத்தப்பட்டிருக்கும். ஒன்றோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். ஓர் அவுட்லெட்டில் இருக்கும் தளர்வு அதற்குப் பின்னால் வரிசையில் உள்ள எல்லா அவுட்லெட்டையும் பாதிக்கும். அதனால் விளக்கு துடிக்கும் அறையில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் பேனலுக்கு அருகில் உள்ள முந்தைய அறையைப் பாருங்கள்.

கட்டில் கால் நசுக்கிய எக்ஸ்டென்ஷன் கார்டு, கம்பளத்துக்குக் கீழே ஓடும் கார்டு ஆகியவையும் இந்தக் கணக்கில்தான்.

1965-க்கும் 1973-க்கும் இடையே கட்டிய வீடு என்றால் அலுமினிய வயரிங் இருக்க வாய்ப்புண்டு. அங்கே இணைப்புகள் தளர்வது சகஜம். அந்த வேலையை அலுமினியத்தில் பழக்கமுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: ரீமாடல் செய்தபின், அல்லது புது ஏஎஃப்சிஐ போட்ட நாளிலிருந்து ட்ரிப்

இங்கே மிக்சியும் வேக்யூமும் நிரபராதிகள். நியூட்ரல் குழப்பம்தான் பெரும்பாலும்.

ஒன்று: புது பிரேக்கரோடு வரும் சுருள் வெள்ளை வயர் நியூட்ரல் பாருக்கு (பேனலில் வெள்ளை வயர்கள் சேரும் உலோகப் பட்டை) போக வேண்டும், சர்க்யூட்டின் வெள்ளை வயர் பிரேக்கருக்கே வர வேண்டும். இரண்டாவதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் ஏதாவது ஒன்றைச் சொருகியதும் ட்ரிப். (சுருள் வயர் இல்லாமல் நேராகப் பொருந்தும் பிரேக்கர்களிலும் சர்க்யூட் நியூட்ரல் பிரேக்கருக்குத்தான் வர வேண்டும்.)

இரண்டு: பழைய கிச்சன்களில் கறுப்பு, சிவப்பு என இரண்டு லைவ் வயருக்கு ஒரே வெள்ளை நியூட்ரலைப் பொதுவாக விட்டிருப்பார்கள். ஒற்றை ஏஎஃப்சிஐ பிரேக்கர் இரண்டு போட்டால் போன கரன்டும் திரும்பி வரும் கரன்டும் கணக்கில் பொருந்தாது. பொது நியூட்ரலுக்கென்றே செய்த இரட்டைப் பிரேக்கர்தான் போட வேண்டும். அந்த வெள்ளை வயர் எங்காவது கழன்றால் 120 வோல்ட் சாதனத்துக்கு 240 வரை பாயக்கூடும் என்பதால் அதன் இணைப்புகளையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று: "படுக்கையறை விளக்கைப் போட்டால் நடைபாதை பிரேக்கர் போகிறது." ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு சர்க்யூட் வந்து, எல்லா வெள்ளை வயரையும் ஒரே வயர்நட்டில் (வயர் நுனிகளைப் பிணைக்கும் தொப்பி) சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். பிரித்துக் கட்டினால் முடிந்தது. மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச் உள்ள இடத்தில் முதலில் தேடலாம்.

அறிகுறி: ஹீட்டர் கால் மணி நேரம் ஓடிய பிறகு ட்ரிப்

1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்ப் இழுக்கும். அதே 15 ஆம்ப் சர்க்யூட்டில் கம்ப்யூட்டரும் டிவியும் இருந்தால் ஓவர்லோடு. நிமிடக்கணக்கில் சூடேறி ட்ரிப் ஆவது இதன் அடையாளம்; பொறி என்றால் இவ்வளவு பொறுமை இருக்காது. ஹீட்டர் மட்டும் தனியாக ஓடியும் ட்ரிப் ஆனால் அவுட்லெட்டின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மேலே சொன்ன தளர்வுதான்.

அறிகுறி: நடுராத்திரியில், யாரும் எதையும் தொடாதபோது

ஒரு தாளை பேனல் கதவில் ஒட்டி, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் நேரம், வானிலை, ஓடிக்கொண்டிருந்தவை என்று எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒழுங்கு தெரியும்.

ஃபிரிட்ஜ் உள்ள சர்க்யூட்டில் பல மணி நேர இடைவெளியில் வந்தால், உறைபனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் ஆன் ஆகும் நேரமாக இருக்கும். அந்த ஹீட்டரில் ஈரம் இறங்கியிருந்தால் டூயல் ஃபங்ஷன் பிரேக்கர் கசிவென்று ட்ரிப் ஆகும். சரிசெய்யும் வரை கரன்ட் போனால் அலறும் சின்ன அலாரம் ஒன்றை அந்த அவுட்லெட்டில் சொருகி வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஃப்ரீசர் நாறிக் கிடப்பதைத் தவிர்க்கலாம். லேசர் பிரின்டர், டிரெட்மில், மலிவான எல்இடி டிம்மர் ஆகியவையும் அடிக்கடி மாட்டுகிறவை. மழை நாளில் மட்டும் என்றால் வெளிச்சுவர் விளக்கு அல்லது வராந்தா அவுட்லெட் அதே சர்க்யூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஏஎஃப்சிஐ சேர்ந்து ட்ரிப் ஆனால் அது எந்தச் சாதனத்தின் வேலையும் இல்லை. இடி மின்னல், வெளி சப்ளையில் அதிர்ச்சி, ஆகியவை காரணமாகலாம். கூடவே சில விளக்குகள் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் வீட்டுக்கு வரும் மெயின் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மின் நிறுவனத்தின் அவசர எண்ணை உடனே கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

அறிகுறி: ஒருபோதும் ட்ரிப் ஆனதே இல்லை

இதுவும் பார்க்க வேண்டியதுதான். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் அது வெறும் சாதா பிரேக்கராகிவிட்டது, மாற்றுங்கள். ஆரம்ப காலப் படுக்கையறை பிரேக்கர்கள் இரண்டு வயருக்கு நடுவே வரும் பெரிய பொறியை மட்டும்தான் பிடிக்கும். இரண்டையும் பிடிக்கும் காம்பினேஷன் வகை 2008-க்குப் பிறகுதான் கட்டாயமானது. 2002 முதல் 2007 வரை கட்டிய வீட்டில் பழைய வகையே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, புதியதாக மாற்ற ஒரு விலை கேளுங்கள்.

நல்ல பிரேக்கருக்கும் கண்ணுக்குப் படாதவை உண்டு. 5 ஆம்புக்குக் கீழே ஓடும் தளர்ந்த இணைப்பின் பொறியைத் தரம் அதனிடம் கேட்பதில்லை. பொறியே இல்லாமல் செக்கச்செவேலெனச் சூடேறி நிற்கும் இணைப்பையும் அது அறியாது. அங்கே அலை வடிவத்தில் சொல்லும்படி எதுவும் மாறுவதில்லை. ஆக, சூடான அவுட்லெட்டுக்கு உங்கள் கையும் மூக்கும்தான் கருவி, படுக்கையறை ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியும் சேர்த்து.

எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடும்போது "ஏஎஃப்சிஐ சும்மா சும்மா ட்ரிப் ஆகிறது" என்று மட்டும் சொன்னால் சிலர் வந்ததும் சாதா பிரேக்கர் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீடு கட்டிய ஆண்டு, பிரேக்கரின் மாடல் எண், நீங்கள் எழுதிய தாள், எல்லா பிளக்கையும் பிடுங்கியபோது நின்றதா இல்லையா, கராஜில் மிக்சி ஓடியதா ஆகியவற்றை முதலிலேயே சொல்லுங்கள். சாதா பிரேக்கர் போடலாம் என்று அவர் சொன்னால், அந்த அறைக்கு உங்கள் ஊர் விதி அதை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.